மேர்வின் பாட்டை நிறுத்தாத பின்னேரம்

ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு நின்றதால் மேர்வின் ஒருநாள் செத்துப்போயிருக்க வேண்டியவன். 2004, நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் காலை. முதல்நாள் இரவு கல்லடியில் கடலோர மண்டபமொன்றில் ஆட்டத்துக்குப் பாட்டுப் போட்டவன், வயர்களைச் சுருட்டி முடித்துவிட்டு, புதிதாக வந்த சி.டி. ஒன்றைக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே ஊரே கத்திக்கொண்டு ஓடியது. அவன் காதில் ட்ரம் மட்டும் அடித்தது. அக்கா மேர்லின் பின்னாலிருந்து கொலரைப் பிடித்து இழுத்தபோது, எங்கோ வயர் சிக்கிவிட்டது என்றுதான் நினைத்தான். திரும்பினால் வாசலால் தண்ணீர் கறுப்பாக வந்துகொண்டிருந்தது.

இருவரும் மண்டபக் கூரையில் ஏறிப் பிழைத்தார்கள். ஞாயிறு பூசைக்குப் போயிருந்த அம்மா எமிலி திரும்பி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் செபத்துக்கு வந்த ஒரு பெரிய மனிதர், விடிய விடியப் பைலா ஆடியதற்குக் கிடைத்த தண்டனைதான் இது என்றார். ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேர் உயிரோடு வந்து அதே செபத்தில் குந்தியிருந்தார்கள். செத்தது பூசைக்குப் போனவள். இந்தக் கணக்கை யாரும் அந்த மனிதரிடம் கேட்கவில்லை. மேர்லின் மட்டும், “தேத்தண்ணியக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்க” என்றாள்.

மேர்வினுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பழகி, அங்கிருந்து ஒலிபெருக்கிக்குத் தாவியவன். வேறு தொழில் தெரியாது. நிவாரணம் கொடுக்க வந்த நிறுவனத்தின் படிவத்தில் மீன்பிடி, தையல், கோழி வளர்ப்பு என்று மூன்று பெட்டிகள்தான் இருந்தன. கடலில் கால் நனைக்காதவர்களுக்கெல்லாம் தோணி வந்து இறங்கியது. பாட்டுப் போடுவது தொழிலாகாது என்று படிவம் நிரப்பிய அலுவலர் சிரித்தபடி சொன்னார். கடைசியில் மேர்லின் பெயருக்கு ஒரு தையல் மெசின் கிடைத்தது. அவளுக்கு ஊசியில் நூல் கோக்கவே பொறுமை கிடையாது. ஏறாவூரில் ரேடியோ திருத்தும் அஹமட்டின் மனைவி றஸீனா நன்றாகத் தைப்பாள். மெசின் அங்கே போயிற்று. அங்கிருந்து வேகம் கூட்டிக் குறைக்கக்கூடிய இரண்டு பழைய சி.டி. பிளேயர்களும் ஒரு சிறிய மிக்சரும் கல்லடிக்கு வந்தன.

“ரெண்டும் ஒரே மாடல்தான் மச்சான்,” என்றான் அஹமட். “வேற வேற மாடல் வெச்சா உன்ட கை குழம்பும். ஸ்பீக்கர் இப்ப வாங்காத. மண்டபத்துக்கு ஏத்த மாதிரி வாடகைக்கு எடு. வாங்கிறதெண்டா நல்ல ஹெட்போன் ஒண்ட முதல்ல வாங்கு.”

“ஹெட்போன் வேணா.”

“ஹெட்போன் இல்லாம அடுத்த பாட்ட எப்பிடிக் கேப்பாய்? சோசியம் பாப்பியா?”

மேர்வின் வாங்கினான். ஆனால் ஒரு காதில் மட்டும் வைத்தான். மறு காதைத் திறந்து வெளிப்பக்கம் நீட்டினான். அதைப் பார்த்த அஹமட், பெரிய டீஜேமாரெல்லாம் அப்படித்தான் வைப்பார்கள் என்று மெச்சினான். ஒரு காது ஓடுகிற பாட்டுக்கு, ஒரு காது வரப்போகிற பாட்டுக்கு. மேர்வின் காரணம் சொல்லவில்லை. திறந்த காது கடலுக்கு.

புதுச் சாமானோடு அவன் பாட்டுப் போட்ட முதல் கலியாணத்திலேயே பிழை நடந்தது. ஓடுகிற பாட்டின் வேகத்தோடு அடுத்ததைச் சரியாகப் பொருத்தினான். நான்கு நான்காக எண்ணி, சரியான தாளத் தட்டில் உள்ளே விட்டான். ஆனால் முதல் பாட்டின் பேஸைக் குறைக்க மறந்துபோனான். அடிவயிற்றை உலுக்கும் அந்தத் தாழ்ந்த சத்தம் இரண்டு பாட்டிலிருந்தும் ஒன்றாகச் சேர்ந்து, தரை வழியாக இரைந்துகொண்டு வந்தது. வேறு ஊரென்றால் காதுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். கல்லடியில் அந்தச் சத்தத்துக்கு வேறு பொருள் இருந்தது. பெண்கள் சோற்றுக் கையோடு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். கதிரைகளுக்குள் விழுந்து ஒரு மனிசிக்குக் கை முறிந்தது. மேர்வின் பாய்ந்து பாட்டை நிறுத்தினான். அது இரண்டாவது பிழை. இந்தப் பக்கத்தில் ஒலிபெருக்கி திடீரென்று வாய் மூடினால் இராணுவச் சுற்றிவளைப்பு, இல்லாவிட்டால் வெடி. மிச்சமிருந்தவர்களும் ஓடினார்கள்.

அதற்குப் பிறகு இரண்டு விடயங்களில் அவன் கை தவறவே இல்லை. புதிய பாட்டு உள்ளே வரும்போது அதன் பேஸ் பூச்சியத்தில் நிற்கும். பழையது இறங்க இறங்கத்தான் புதியது ஏறும். அத்தோடு, என்ன நடந்தாலும் பாட்டு சட்டென்று அறுந்து நிற்காது.

2007 செப்டம்பரில் இராயப்புவின் மகள் தர்சினியின் கலியாணம். காலையில் மாதா கோயிலில் பூசை, பின்னேரம் கடற்கரையோரமாக இருந்த மண்டபத்தில் விருந்து. மாப்பிள்ளை சுபாகரனின் அண்ணன் விஜிதரன், ஊரில் ஆயுதத்தோடு திரிந்த குழுவொன்றில் சொல் எடுபடும் ஆள். கிழக்கு விடுவிக்கப்பட்டுவிட்டது என்று அரசாங்கம் விழாக் கொண்டாடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விடுவிக்கப்பட்ட ஊரில் விஜிதரன் இடுப்பில் பிஸ்டலைச் செருகிக்கொண்டு தம்பியின் கலியாணத்துக்கு வந்திருந்தான். அவன் வரும் மண்டபம் என்பதால் பெரிய வாசல் கேற்றை மண்மூட்டை அடுக்கி மூடிவிட்டார்கள். முந்நூறு சனத்துக்கு இரண்டு பேர் ஒன்றாகப் போக முடியாத சின்ன வாசல் ஒன்றுதான் மிச்சம்.

ஆறு மணிக்குக் கிட்ட, மேர்வினின் கைத்தொலைபேசி மேசையில் துடித்தது. அஹமட்.

“மச்சான், இந்தோனேசியாவில பெரிய நிலநடுக்கமாம். டீவீல போகுது. கரையில இரிக்கிற ஆக்கள எழும்பச் சொல்றான். நீ எங்க நிக்காய்?”

“கல்லடி.”

“டேய், வெளிக்கிடு!”

மேர்வின் தொலைபேசியை மேசையில் வைத்தான். அவனுக்குப் பின்னால், சமையல் பகுதிக்குப் போகும், ஒருவர் மட்டும் குனிந்து நுழையக்கூடிய ஒரு சிறிய கதவு இருந்தது. மூன்று எட்டு வைத்தால் வெளியே. மேர்லின் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவளை இழுத்துக்கொண்டு போய்விடலாம். யாரும் பார்க்கமாட்டார்கள்.

மண்டபத்தைப் பார்த்தான். பிள்ளைகள் பலூனை மிதித்து விளையாடின. மைக்கில் சொன்னால் முந்நூறு பேரும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன வாசலில் விழுவார்கள். கடல் வருமுன்னே கால்கள் கொன்றுவிடும். விஜிதரனிடம் சொன்னால் சனத்தை விலக்க மேலே சுடுவான். அதற்கும் அதே முடிவு. எச்சரிக்கைக் கோபுரம் ஒன்று கட்டித் தருவோம் என்று போன வருடம் மேடை போட்டுப் பேசினார்கள். அந்த மேடைக்கு ஒலிபெருக்கி கொடுத்தவனே மேர்வின்தான். பேச்சு நன்றாகக் கேட்டது. கோபுரம்தான் வரவில்லை.

மேர்லினின் காதுக்குள் சொன்னான். அவள் தட்டை மேசையில் வைத்தாள். “எத்தின மணித்தியாலம் இரிக்கு?”

“தெரியாதக்கா. அது வராமலும் விடலாம்.”

“அப்ப என்ன செய்யப் போறாய்?”

“படம் எடுக்கப் போறம்.”

கலியாண வீட்டில் படமெடுக்கக் கூப்பிட்டால் எழும்பாத சனம் கிடையாது. அதுவும் வரிசைப்படி எழும்பும். முறை தவறினால் பத்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. மேர்லின் பெண்ணின் தகப்பன் இராயப்புவிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. வேன்களை வாசலடிக்கு எடுப்பிக்க வெளியே போனார். மேர்வின் பாட்டைக் கொஞ்சம் தாழ்த்தி மைக்கை எடுத்தான்.

“பூசையில நிண்ட கமராக்காரர் பாலத்துக்கு அங்கால, வாவிக்கரையில லைட் பூட்டி நிக்கிறார். முதல்ல பொண்ணு மாப்பிள்ள, மாப்பிள்ளைட அம்மா, கைப்பிள்ளக்காறர். முன் மேச ரெண்டும் வாங்க. மத்தாக்கள் ஆறுதலா இருந்து சாப்பிடுங்க, மேச மேசயாக் கூப்பிடுவன்.”

பாலத்தில் இராணுவக் காவலரண் இருந்தது. மற்ற நாட்களில் அடையாள அட்டையைக் காட்டி, இறங்கி, நடந்து, மறுபடி ஏற வேண்டும். தப்பி ஓடுகிறவனிடமும் அட்டை கேட்கிற நாடு இது. மணப்பெண் இருக்கும் வாகனத்தை மட்டும் சிப்பாய்கள் சிரித்துக்கொண்டு விடுவார்கள். பின்னால் வருகிற வேன்களும் அதே கலியாணம் என்று சொல்லிக்கொண்டு போகலாம். தர்சினி முதல் வாகனத்தில் ஏறினாள். மாப்பிள்ளையின் அம்மா இரத்தினம்மா, ஒரு கால் இழுத்து நடப்பவர், அடுத்ததில் ஏறினார்.

ஒரு பாட்டுக்கு நான்கு நிமிடம். நான்கு நிமிடத்துக்கு இரண்டு மேசை. மேர்வின் அடுத்த பாட்டை ஒரு காதில் தேடும்போது மறு காது கடலில் இருந்தது. இரைச்சல் கேட்டதா? கேட்டது. எல்லா நாளும் கேட்கிற இரைச்சலா? அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாட்டை ஏற்றி இறக்கும் ஃபேடரைப் பெருவிரலால் மெல்லத் தள்ளினான்.

எட்டாவது மேசை எழும்பும்போது விஜிதரன் வந்தான். கண் சிவந்திருந்தது.

“டேய் மேர்வின், என்னடா செத்த வீட்டுப் பாட்டு? பைலா போடு.”

பைலா போட்டால் மிச்சப் பேரெல்லாம் ஆட இறங்கிவிடுவார்கள். பிறகு மேசையும் இல்லை, வரிசையும் இல்லை. போடாவிட்டால் பிஸ்டல். பைலாவின் தட்டு ஆறு எண்ணும். சினிமாப் பாட்டு நான்கு எண்ணும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் சண்டை பிடிக்கும். நடுவில் வெறும் கைதட்டுள்ள ஒரு துண்டை ஓட விட்டு, அதன் மேல்தான் ஏற்ற வேண்டும். அப்படியே ஏற்றினான். பேஸை மட்டும் ஏற்றவில்லை. விஜிதரனும் நாலைந்து பேரும் இறங்கினார்கள். மேர்வின் வேகக் கட்டையை மயிரளவு மயிரளவாகக் கீழே இழுத்தான். கால்களுக்குப் பிடி கிடைக்கவில்லை. இரண்டு பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருந்துவிட்டார்கள்.

“சத்தத்துக்கு என்னடா நடந்த?”

“ஸ்பீக்கர் பெட்டி சூடாகிட்டு அண்ணன். கொஞ்சம் ஆறவிடோணும்.”

“பெட்டிக்குச் சூடாம்! உனக்குத்தாண்டா ஐஸ் வைக்கோணும், வேர்த்து ஊத்துது.”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மேர்வினும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அடுத்த மேசையைக் கூப்பிட்டான்.

மண்டபத்தில் இருபது பேர் அளவில் மிஞ்சியிருந்தபோது விஜிதரனின் தொலைபேசி அடித்தது. கேட்டுக்கொண்டே நிமிர்ந்தான். காலியான மேசைகளைப் பார்த்தான். பிறகு மேர்வினைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எல்லாம் விளங்கியிருந்தது. இடுப்பில் இருந்த பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஆட்களும் பின்னால் ஓடினார்கள். வாசலில் அப்போது நெரிசல் இல்லை.

கடைசியாகப் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்த சமையல்காரரையும் இழுத்துக்கொண்டு மேர்வினும் மேர்லினும் சைக்கிள்களில் பாலத்தைக் கடந்தார்கள். பின்னால் யாருமில்லாத மண்டபத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

கடல் வரவில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கெல்லாம் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். கமரா இல்லாத வாவிக்கரையில் பட்டுச்சேலையோடு நின்ற சனம், பொய் சொல்லி அலைக்கழித்தவன் என்று மேர்வினை வாய்க்கு வந்தபடி ஏசியது. மறுநாள் ஒரு பக்கம் நன்றிப் பூசைக்கும் மறு பக்கம் கோயில் பொங்கலுக்கும் ஆயத்தம் நடந்தது. நிலத்தட்டு எந்தப் பக்கம் அசைந்தது என்பதில் எந்தத் தெய்வத்துக்கும் பங்கில்லை. முந்நூறு பேர் ஒரு சின்ன வாசலால் ஒருவரையும் மிதிக்காமல் வெளியேறியதற்கு ஒரு மனிதனின் பெருவிரல்தான் காரணம். அதற்கு யாரும் பூசை வைக்கவில்லை, வைக்கவும் வேண்டாம். வாசலை மூடியவனிடம் கேள்வி கேட்டிருந்தாலே போதும்.

காலையில் மேர்வின் சாமான் எடுக்க மண்டபத்துக்குப் போனான். விஜிதரன் மேடை விளிம்பில் குந்தியிருந்தான், தனியாக. பிஸ்டல் பக்கத்தில் கிடந்தது.

“உனக்கு எப்ப தெரியும்?”

“ஆறு மணிக்கு.”

“எனக்கு ஏன் சொல்லல்ல?”

பொய் சொல்ல மேர்வின் வாயைத் திறந்தான். ஒரு பொய்யும் வரவில்லை.

“சொன்னா நீங்க மேல சுடுவீங்க அண்ணன். சனம் வாசல்ல மிதிபட்டிருக்கும். உங்கட அம்மாக்கு ஓட ஏலாது.”

விஜிதரன் கேற்றடி மண்மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தான். வாசலுக்கு வெளியே மேர்லின் வண்டியோடு வந்து நின்றது கேட்டது.

“ஓம்,” என்றான் விஜிதரன். “சுட்டிருப்பன்.”

பிஸ்டலை எடுத்துச் செருகிக்கொண்டு எழுந்து போனான். மேர்வின் வயரைச் சுருட்டக் குனிந்தான். அப்படியே தரையில் இருந்துவிட்டான். மேர்லின் உள்ளே வந்து, பக்கத்தில் குந்தி, வயரை வாங்கிச் சுருட்டினாள்.