டாக்டர் சொன்ன ‘ஜாராங்’

அன்று அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம்: நான், என் மனைவி, என் மகள், சிறுநீரக டாக்டர், தமிழ் மிஸ்ஸி ஒருவர். டாக்டர் மலாய்க்காரப் பெண். மிஸ்ஸி என்றால் தாதி. நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஏழு மாதத்துக்கு முன் அதே அறையில் நானும் டாக்டரும் மட்டும்தான் இருந்தோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நான் எதற்கும் பயப்படுகிறவன். வேலைக்குக் கிளம்பிவிட்டு, கேஸை மூடினேனா என்று பார்க்கத் திரும்பவும் மூன்றாவது மாடி ஏறுவேன். மோட்டார் சைக்கிளைப் பூட்டிவிட்டு இரண்டு முறை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்டவன், பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பயப்படாமல் ஏழு மாதம் இருந்திருக்கிறேன்.

படிவம் இரண்டோடு பள்ளியை விட்டு, ஜெலுத்தோங்கில் ஒரு பட்டறையில் இரும்பு அறுக்கப் போனேன். என் மலாய் அங்கே கற்றதுதான். சாமான் கேட்கவும் ஏசவும் போதும். காது கொஞ்சம் மந்தம். பட்டறைச் சத்தம் என்று விட்டுவிட்டேன். சில நாள் சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும். தண்ணீர் குடிக்காததால் என்று நினைத்தேன். பிறகு கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தில் ஊசியை இறக்கிச் சதை எடுத்துப் பார்த்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் வீட்டில் சொல்லாமல் தனியாகப் போனேன். டாக்டர் மலாயில் நிறையப் பேசினார். பாதி விளங்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் மட்டும் நன்றாக விளங்கியது. இது ‘ஜாராங்’ நோய் என்றார். பட்டறையில் தினமும் புழங்குகிற சொல். பஸ் ஜாராங் என்றால் எப்போதாவதுதான் வரும். முதலாளி ஜாராங் என்றால் கொஞ்சம் உட்காரலாம். ஆக, எப்போதாவது வந்துபோகிற நோய். அப்பாடா என்று இருந்தது.

மகளைக் கூட்டி வரச் சொன்னதும் விளங்கத்தான் செய்தது. எப்போதாவது வருகிற நோய்க்கு, வேலைக்குப் போகிற பிள்ளையை எதற்கு அலைய வைப்பது? அவர் கொடுத்த மாத்திரையைச் சிறுநீர் கறுத்த நாளில் மட்டும் போட்டேன். அடுத்து வரச் சொன்ன தேதிக்குப் போகவில்லை.

ஏழாம் மாதம் கால் செருப்பில் நுழையவில்லை. மனைவி அலமாரியைக் குடைந்து மாத்திரைப் பையைக் கண்டுபிடித்தாள். அம்மாவும் மகளுமாக என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்கள்.

டாக்டர் பையைக் கொட்டி எண்ணினார். ஏன் போடவில்லை என்று மிஸ்ஸி கேட்டார்.

“ஜாராங்னு சொன்னாங்களே மிஸ்ஸி. அது வந்தப்ப போட்டேன்.”

மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ அண்ணே, இந்த நோய் உள்ள ஆளுங்கதான் ஜாராங். ஆயிரக்கணக்குல தேடினாதான் ஒருத்தர் கெடைப்பாங்க. உங்களுக்கு அது தெனமும் இருக்கு. பொறந்ததுலேர்ந்து இருக்கு.” சொல்லி முடிப்பதற்குள் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

“கேஸ நாலு தடவ பாக்கத் தெரியுது. இத ஒரு வார்த்த கேக்கத் தெரியலையா?” என்றாள் மனைவி.

டாக்டர் ஒரு தாளில் படம் போட, மிஸ்ஸி தமிழில் சொன்னார். காது மந்தமும் இந்த நோயால்தான். சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது. தினமும் மாத்திரை போட்டால் மிச்சத்தைக் கொஞ்ச காலம் காப்பாற்றலாம், பிறகு டயாலிசிஸ்.

அடுத்து டாக்டர், நான் என்று வரைந்திருந்த கட்டத்திலிருந்து ஒரு கோட்டைக் கீழே இழுத்து, அதன் முனையில் ஒரு வட்டம் போட்டார். இந்த நோயில் ஒரு வகை உண்டு. அது தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகாது. மகளுக்குப் போகாமல் இருக்காது. எனக்கு ஒரே பிள்ளை. அவள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னுடையது அந்த வகையா என்று அறிய, எங்கள் இருவர் ரத்தமும் வெளியே ஒரு லேப்புக்குப் போக வேண்டும். ஆயிரத்து இருநூறு வெள்ளி. என்னிடம் இல்லை. வேலைக்கு ஓட்டிப் போக ஒரு காடி வாங்கச் சேர்த்திருந்த பணத்திலிருந்து மகள்தான் கட்டினாள்.

அந்த வகைதான். அவளுக்கும் இருந்தது. சிறுநீரகம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது, இப்போதே மாத்திரை தொடங்கியது நல்லது என்றார்கள்.

“மூஞ்ச அப்படி வைக்காதீங்கப்பா. நீங்க என்ன வேணும்னா குடுத்தீங்க?” என்றாள்.

நோயை வேண்டுமென்று கொடுக்கவில்லைதான். ஆனால் அந்த ஏழு மாதம்? அதில் அவள் போட்டிருக்க வேண்டிய மாத்திரைகளும் இருந்தன. பணத்தைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“சரி, மாசம் அம்பது வெள்ளி. கட்டி முடிக்கிற வரைக்கும் ஒழுங்கா மாத்திர போடணும். பாதியில டிமிக்கி குடுக்கக் கூடாது.”

இப்போது காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும்போது அவளுடைய கணுக்காலைப் பார்க்கிறேன், வீக்கம் இருக்கிறதா என்று. சமையலறையிலிருந்து மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

“கேக்குது லா, எத்தன தடவதான் டெஸ்ட் பண்ணுவீங்க?”

அந்தப் பதில் வந்த பிறகுதான் என் மாத்திரையை விழுங்குகிறேன். ஒன்பது மாதம் கட்டியாயிற்று. இன்னும் எழுநூற்று ஐம்பது வெள்ளி பாக்கி.