அவள் கொடுக்காத பிரஷ்

போன வருஷம், மழை ஓய்ந்திருந்த சமயம் நடந்தது இது. போர்ட் பிளேயரில் டெய்ரி ஃபார்ம் என்கிற பகுதியில் எங்களுக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் இருக்கிறது. மீன் பதப்படுத்தும் கம்பெனிகளின் எவர்சில்வர் தொட்டிகளைத் தேய்த்து, துருப் பிடிக்காதபடி ஆசிட் பூசிக் கழுவிக் கொடுப்பது எங்கள் தொழில். கல்யாணமாகி வந்ததிலிருந்து என் கணவரோடு வேலைக்குப் போகிற பெண் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கொழுந்தனாருக்கு மெயின்லேண்டில் பெண் எடுத்தோம். கோயம்புத்தூரில் பால் டேங்க் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவள். வந்த கொஞ்ச நாளிலேயே வீட்டில் எல்லோரும் அவள் புராணம் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் தேய்த்தால் முகம் பார்க்கலாமாம். இத்தனை வருஷம் நான் தேய்த்ததில் யாரும் முகம் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஒருநாள் சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பம்பூஃப்ளாட்டில் இருந்த ஒரு கம்பெனிக்கு எங்கள் இருவரையும் கூட்டிப் போனார் என் கணவர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தொட்டிகள், ஆளுக்கு ஒன்று. அவள் டிபன் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய கம்பி பிரஷ்ஷை எடுத்தாள். பளபளவென்று இருந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது.

"அதக் கொஞ்சம் குடு, தேச்சிட்டுத் தாரேன்" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கக்கா, முடிச்சுட்டுத் தர்றனுங்க. நம்ம ஒர்க்‌ஷாப் பிரஷ்ஷ மட்டும் எடுத்துராதீங்க. அது இரும்பு தேச்சது. அந்தத் தூள் ஒட்டுனா தொட்டி துருப் புடிச்சுக்கும்."

நேற்று வந்தவள் எனக்குப் பாடம் எடுக்கிறாள். வீம்புக்கென்றே, மீன்பிடி போட்டுகளில் துரு சுரண்டுகிற எங்கள் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்து, அவளுக்கு முந்தியே முடித்தேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டு தொட்டியும் ஒரே மாதிரி மின்னின. மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஒரு தொட்டியில் மட்டும் டீ தெறித்த மாதிரி பழுப்புப் புள்ளிகளாம். என்னுடையதுதான்.

"அவதான் என்னமோ செஞ்சிருப்பா" என்றேன் கணவரிடம். எனக்கே நம்பிக்கை இல்லாத பேச்சு.

"நாளைக்குப் போய்ப் பாப்போம். ஒன்னால கெட்டதுன்னு தெரிஞ்சா, இனிமே அவ வரட்டும். நீ வீட்டப் பாத்துக்க" என்றார். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மூன்று பேரும் போனோம். அங்கே சூப்பர்வைசர் ஒரு பெங்காலி. நேராக என் தொட்டியைக் காட்டி, "யே கிஸ்கா காம் ஹை?" என்றார். இது யார் வேலை என்று கேட்கிறார். என் கணவரும் பக்கத்திலேயே நிற்கிறார். அவள் என் பக்கம் ஒரு விரலை நீட்டினால் போதும், என் இடம் அவளுக்கு.

அவள் புதிதாகக் கற்ற ஹிந்தியில் சொன்னாள். "தோனோ டாங்கி, ஹம் தோனோ மில்கே கியா, தாதா."

இரண்டு தொட்டியையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம் அண்ணா என்கிறாள். அப்படியானால் இரண்டையுமே மறுபடி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார் அவர். ஒரு புள்ளிகூட இல்லாத அவள் தொட்டியையும் சேர்த்து. என் கணவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஆசிட் கேனை இறக்கப் போய்விட்டார்.

அவள் கவரைப் பிரித்து, அந்தப் பிரஷ்ஷை என் கையில் வைத்தாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. குனிந்து தேய்க்க ஆரம்பித்தேன்.

இப்போது இருவரும் சேர்ந்தேதான் போகிறோம். என் டிபன் பையிலும் கவரில் சுற்றிய ஒரு பிரஷ் இருக்கிறது, யாருக்கும் கொடுப்பதில்லை. எது அவள் தேய்த்தது, எது நான் தேய்த்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அவள் வாயில் அவ்வளவு சுலபமாக வந்த அந்தப் பதில், அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் என் வாயில் வந்திருக்காது. அதை நினைத்தால்தான் அவளைப் பார்த்து எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.