மேல் தீயில் வெந்த கறி

எட்டு வயது வரைக்கும் அத்தாவை நான் எல்லாமாகச் சேர்த்து ஏழெட்டு மாதம் பார்த்திருப்பேன். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம். அவருக்குச் சவூதியில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ராஜபாளையம் வருவார். நான் பழகி முடிப்பதற்குள் பெட்டி கட்டிவிடுவார். அப்பா என்ன செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால், 'சவூதி' என்று ஊரையே வேலையாகச் சொல்லிவைப்பேன். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பக்ரீதுக்கு வந்தவர், கையோடு ஒரு கரண்டு அடுப்பைக் கொண்டுவந்தார். கண்ணாடிக் கதவு போட்ட பெட்டி. உள்ளே மேல்பக்கத்தில் கம்பிச்சுருள். கறியைத் தட்டில் பரப்பிக் கீழே வைத்தால் தீ மேலேயிருந்து சுடும், புகையே வராது என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தலைக்கு மேல தீய வச்சா கறி எப்பிடிங்க வேகும்?"

அம்மாவின் வழி வேறு. ஊறவைத்த துண்டுகளைக் கம்பியில் கோத்துக் கரியடுப்பின் மேல் காட்டுவாள். கொழுப்பு உருகிக் கங்கில் சொட்டும். அந்தப் புகை திரும்பக் கறியிலேயே போய் ஒட்டும். எனக்குத் தெரிந்த சுட்ட கறி அதுதான்.

பெருநாள் அன்று குர்பானி கொடுத்த ஆட்டுக் கறியில் ஒரு தட்டை அத்தா தனியாக எடுத்துக்கொண்டு மசாலாவைப் பிசைந்து தடவினார். ஆண்பிள்ளை சமைக்கும் அதிசயத்தைப் பார்க்க, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த அம்மாவின் தம்பி அடுப்படி வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் தெருவைச் சுற்றிலும் விசைத்தறிகள். அவை ஓடும் நேரத்தில் வோல்டேஜ் எங்கே இருக்கும்? சுருள் சிவக்காமல் மங்கிப்போய் நின்றது. பத்தே நிமிடத்தில் மேல்பக்கம் முறுகிவிடும் என்று சொன்னவர், கண்ணாடிக்கு முன்னால் குத்தவைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கறி வெளுத்துப்போய்த் தன் தண்ணீரிலேயே கிடந்தது.

"செத்த நேரம் கங்குல காட்டிரட்டா?" என்றாள் அம்மா. நல்ல மனதோடுதான் கேட்டாள்.

அத்தா வேண்டாம் என்று தலையாட்டினார்.

"இது கறியா மச்சான், காய்ச்சக்காரனுக்குப் பத்தியமா?" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். நான் அம்மா கட்சி என்று காட்டவேண்டுமே.

அத்தா ஒரு துண்டை எடுத்து, ஊதி, என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு தாயி."

வெந்துதான் இருந்தது. உப்பும் உறைப்பும்கூடச் சரியாகவே இருந்தன. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லோரும் என் வாயையே பார்த்ததில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. துண்டைத் துப்பிவிட்டு, "அம்மா சுடுறதுதான் நல்லாருக்கு" என்று மாமாவிடம் ஓடினேன்.

பிறகு கை கழுவப் போனபோது அடுப்படியில் அத்தா தனியாக நின்றபடி அந்தத் தட்டிலிருந்து தின்றுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. கிட்டே போகவும் கூச்சம், விட்டுவிட்டு வரவும் மனமில்லை. ஏதாவது பேசவேண்டும் என்று, "அங்க ஒங்களுக்கு யாருத்தா சமைப்பா?" என்றேன்.

"நாந்தான். ரூம்ல கரி மூட்ட விடமாட்டாங்க, பொகைக்குச் சண்டைக்கு வருவாங்க. அதான் இந்த மாதிரி பெட்டி. வெள்ளிக்கிழமை லீவுக்குப் போடுவேன்."

"கூட யாரு சாப்பிடுவா?"

"யாரு இருக்கா? அம்புட்டும் நானேதான்."

எங்கள் வீட்டில் ஆளுக்கு நாலு துண்டு என்று அம்மா எண்ணித்தான் வைப்பாள். பங்குக்கு ஆளே இல்லாமல் ஒரு தட்டுக் கறியையும் ஒருவரே தின்பதென்றால் எப்பேர்ப்பட்ட கொடுப்பினை. அன்று முழுக்க எனக்கு அத்தாவின்மேல் பொறாமையாக இருந்தது.