இரண்டால் வகுக்காத அமிலம்

கல்லூரி வேதியியல் கூடத்தில் கரைசல் கலக்குவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. மாணவர்கள் ‘ஆசிட் அண்ணன்’ என்பார்கள். அவர் பாலில் தண்ணீர் ஊற்றினால்கூட அளவுக்கோட்டுக்குக் குனிந்து பார்ப்பார் என்று மனைவி கேலி செய்வாள்.

செய்முறைத் தேர்வுக்கு ஆண்டுதோறும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். அதன் செறிவு, அதாவது நார்மாலிட்டி, 0.1. அந்த வருஷம் அது தீர்ந்துபோய், சல்பூரிக் அமிலம் வந்தது. அதன் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜனைத் தரும். ஆகவே மூலக்கூறு எடையான 98-ஐ இரண்டால் வகுத்து, அதில் பத்தில் ஒரு பங்காக லிட்டருக்கு 4.9 கிராம் போட வேண்டும். பழகிய கை வகுக்காமல் 9.8 போட்டுவிட்டது.

தேர்வெழுதியவர்களில் அவருடைய அக்கா மகளும் ஒருத்தி. மாலையில் வாசலில் காத்திருந்தாள்.

“மாமா, எனக்கு 0.2 வந்துச்சு. மூணு தடவை பார்த்தேன், அதேதான். மத்தவங்க எல்லாம் வருஷா வருஷம் 0.1தானேன்னு அளவைத் திருத்தி எழுதிட்டாங்க. நான் வந்ததை எழுதினேன்.”

கையிலிருந்த பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டால் வகுக்கவில்லை.

அப்படியே திரும்பி ஓடினார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கிளம்பிவிட்டிருந்தார். துறைத்தலைவர் மேசையில் குனிந்தபடியே கேட்டுக்கொண்டார்.

“கவர் சீல் வச்சு அனுப்பியாச்சுங்க. இப்ப சொன்னா உங்க வேலை போகும், அந்தப் பொண்ணுக்கும் மார்க் வந்துடாது.”

வேலை போனாலும் பரவாயில்லையென்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டார். செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது என்று மூன்று வாரம் கழித்து ஒற்றை வரியில் பதில் வந்தது. வேலையும் போகவில்லை, அந்தக் கடிதத்தை யாரும் முழுதாகப் படித்ததாகவே தெரியவில்லை.

0.1-தான் சரியான விடை என்று வைத்தே மதிப்பெண் போட்டதால், அளவைத் திருத்தியவர்கள் தேறினார்கள். அவள் நான்கு மதிப்பெண்ணில் தோற்றாள். கிடைத்திருந்த மேற்படிப்பு இடம் கைநழுவியது.

அக்கா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. அக்கா மகளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார்.

“தெரியும் மாமா. அன்னிக்கு உங்க முகத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன பண்றது?”

மறு வருஷம் அவள் மீண்டும் எழுத வந்தாள். கரைசலை நான்கு முறை சோதித்து வைத்தார். தேர்வு நடக்கையில் உறவுக்காரர் உள்ளே இருக்கக்கூடாது என்று வெளியே அனுப்பினார்கள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். அவள் முதல் அளவை எழுதினாள், நிறுத்தினாள், அடித்தாள். பக்கத்து மேசைக்காரியின் தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப எழுதினாள்.