பிரசவம் பார்த்தவன் பெயர்

நான் பிரசவம் பார்த்த பெண்ணின் வீட்டுக்குப் போகும் பில்லில் என் பெயர் இருக்காது. அமெரிக்கா வந்து மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. இங்கே நான் ரெசிடென்ட். அதாவது, பட்டம் வாங்கிய பிறகும் ஒரு பெரிய டாக்டரின் மேற்பார்வையில் வேலை கற்கிறவன். நோயாளியைப் பார்ப்பதும் வெட்டுவதும் தைப்பதும் நான்தான். செய்ததை ஒரு பக்கத்துக்கு எழுதி வைப்பதும் நான்தான். பெரிய டாக்டர் அதன் அடியில் 'நான் உடனிருந்தேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவார். அந்த வரி இருந்தால்தான் பில் போகும். அதுவும் அவர் பெயரில் போகும்.

போன மாதம் ஒரு முதியவர் பில்லோடு வந்தார். "என் மகளுக்குப் பிரசவம் பார்த்தது நீதானே? இது யார் பெயர்?" என்று கேட்டார். "நான் ரெசிடென்ட்" என்றேன். அவர்கள் மொழியில் அதற்குக் குடியிருப்பவர் என்றும் பொருள். "அப்படியா, எந்தத் தெருவில் இருக்கிறாய்?" என்றார் அன்பாக. நானும் தெருவின் பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பெரிய டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, என் பொறாமையெல்லாம் தனபால் மேல். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் இருவர் நிலமும் அடுத்தடுத்து. மருத்துவக் கல்லூரியில் ஒரே அறை. அமெரிக்காவுக்கான பரீட்சையைச் சேர்ந்தே எழுதினோம். நான் தேறினேன், அவன் தேறவில்லை. திருவண்ணாமலையிலேயே ஆஸ்பத்திரி வேலையில் சேர்ந்தான். 'இன்னிக்கு ரெண்டு சிசேரியன்' என்று கடிதத்தில் போகிற போக்கில் எழுதுவான். மேற்பார்வை என்று அவன் பின்னால் நிற்க யாரும் இல்லை. அந்தக் கடிதங்களுக்கு வேண்டுமென்றே ஒரு மாதம் கடத்திப் பதில் போடுவேன்.

சென்ற வருடம் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது தங்கை வள்ளிக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் நான் பரிசோதிக்கப் போனேன். "நீ சும்மா இருண்ணா. தனபால் அண்ணன் வரட்டும்" என்றாள்.

அவன் வந்து பார்த்தான். குழந்தை குறுக்கே கிடந்தது. "ஆபரேஷன் தேட்டருக்குப் போயிடலாம்" என்றான்.

"நான் பண்றேன்டா" என்றேன். சொந்தத் தங்கை மேல் கத்தி வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பொறாமைதான் பேசியது.

என்னை ஒரு கணம் பார்த்தான். "சரி, பண்ணு. நான் எதிர்ல நிக்கிறேன்."

கர்ப்பப்பையைத் திறந்ததும் குழந்தையின் காலைப் பரபரப்பாகத் தேடினேன். "அவசரப்படாத. கால் இந்தப் பக்கம் கீது" என்று மட்டும் சொன்னான். குழந்தை அழுதது. வள்ளியும் பிழைத்தாள். பிறகு அவன் பதிவேட்டை நிரப்பினான். செய்தவர் குமரேசன், உடனிருந்தவர் தனபால்.

"எதுக்குடா என் பேரு?"

"செஞ்சது நீதானே?" பேனாவை மூடினான். "அந்தப் பரிட்ச பாஸாகியிருந்தா நானும் உன்னாட்டம் பெரிய ஆளுங்ககிட்ட கத்துக்கினு இருப்பேன். இங்க நான் தப்பு பண்ணா, தப்புனு சொல்லக்கூட ஆள் இல்ல. உன் லெட்டர் வந்தா ரெண்டு நாளைக்குத் தூக்கம் வராது எனக்கு."

இத்தனை நாள் அவனும் என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறான்.

வெளியே அம்மா அவன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன் கைராசிப்பா."

"நான் இல்லம்மா. குமரேசன்தான் பண்ணான்."

அம்மா சிரித்தாள். "அவனும் கூட நின்னானா? சந்தோஷம்."

அடங்கியிருந்த பொறாமை மறுபடியும் நெஞ்சில் மூண்டது.

மறுநாள் காலை வள்ளியின் கட்டிலருகே நின்று தையலைப் பார்க்கக் குனிந்தேன். "சார், சொந்தக்காரங்க எல்லாம் வெளிய நில்லுங்க. டாக்டர் வர்ற நேரம்" என்றாள் ஆயா. நான் யார் என்று அவளிடம் சொல்லவில்லை. வராந்தாவுக்கு வந்து, வள்ளியின் கணவர் பக்கத்தில் நின்றேன். எதிரே மலை முழுதாகத் தெரிந்தது. அவர் மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று யோசித்தார்.

"மச்சான், எப்ப ஊருக்குக் கெளம்புறீங்க?" என்றார்.

ஊர் என்று அவர் சொன்னது அமெரிக்காவை. "ஞாயித்துக்கெழம" என்றேன்.