உப்பு நார்த்தங்காய்

முதல் தலைசுற்றல் வந்தபோது நான் ஆவடி குவார்ட்டர்ஸில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கொடிக்கம்பி மேலே போனது, தரை பக்கவாட்டில் எழும்பி வந்தது. சுவரைப் பிடித்து உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். இடது காதில் மோட்டார் ஓடுகிற மாதிரி ஓர் இரைச்சல். எண்பதுகளின் கடைசி அது. என் கணவருக்கு ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியிருந்தோம். பித்தம் என்றார் ஒரு டாக்டர், ரத்தசோகை என்றார் இன்னொருவர். ஒரு வருஷம் அப்படியே ஓடியது.

அதற்குள் என் பாட்டு போய்விட்டது. சர்ச் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்கிறவள் நான். ஒரே சுரம் வலது காதில் சரியாகவும் இடது காதில் கொஞ்சம் இறங்கியும் கேட்கத் தொடங்கியது. எதைப் பிடித்துப் பாடுவது? குழுவை நடத்தியவர் நல்ல மனுஷர். ஒன்றும் சொல்லாமல் பின்வரிசைக்கு மாற்றினார். இரண்டு மாதத்தில் நானே நின்றுவிட்டேன்.

கடைசியில் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், காது டாக்டரம்மா விஷயத்தைச் சொன்னார். உள்காதில் நீர் கூடிப்போய் அழுத்துகிறது. அடியோடு போக்க மருந்து இல்லை, அடக்கி வைக்கலாம். மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார், காப்பியை நிறுத்தச் சொன்னார், மாதம் ஒருமுறை வந்து செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்.

அந்தப் பரிசோதனைக்கு நின்ற வரிசையில்தான் அவளைப் பார்த்தேன். மேனாம்பேட்டுக்காரி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். என்னைவிட ஆறேழு வயது இளையவள். அதே நோய், அதே இடது காது. நான் அண்ணனூரில் ரயில் ஏறுவேன், அவள் அம்பத்தூரில் ஏறி என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்காருவாள். இருவரும் உப்பில்லாத சோற்றைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டே போவோம். அந்த ஐந்தாறு மாதம் அவளைப் போல எனக்கு நெருக்கமானவர்கள் வேறு யாரும் இல்லை.

பிறகு அவளுக்குச் சரியாக ஆரம்பித்தது. தலைசுற்றல் வாரத்துக்கு ஒன்று என்பது மாதத்துக்கு ஒன்றாகி, அப்புறம் வரவே இல்லை. பரிசோதனைத் தாளில் அவளுடைய கோடு மேலே ஏறியது. என்னுடையது ஒவ்வொரு முறையும் இறங்கியது. டாக்டரம்மா என்னிடம், வீட்டில் உப்பு குறைத்துத்தான் சமைக்கிறீர்களா என்று கேட்டார். நான் ஒரு கல் உப்பைக்கூடத் தொடவில்லை. பக்கத்தில் நின்ற அவளிடம், "நீ சொன்னபடி நடக்கிறாய், அதான்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அவளோ கள்ளமில்லாமல் தன் சந்தோஷத்தையெல்லாம் என்னிடம் கொட்டினாள். மிஷின் சத்தம் தெளிவாகக் கேட்கிறதாம், அடுத்த மிஷின்காரி முணுமுணுப்பதுகூடக் கேட்கிறதாம். நான் தலையாட்டினேன். இவள் என்ன பாடவா போகிறாள்? காலர் தைக்க எதற்கு இரண்டு காது? இப்படியெல்லாம் ரயிலில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து நினைத்தேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊரிலிருந்து உப்பு நார்த்தங்காய் வந்தது. ஊறுகாய் என்றால் அவளுக்கு உயிர், நோய் வந்த பிறகு விட்டிருந்தாள். ஒரு கண்ணாடி பாட்டில் நிறைய எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். கொஞ்சமாய்த் தின்றால் ஒன்றும் செய்யாது என்று சொல்லியும் கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவள் ரயிலில் ஏறவில்லை. அன்று பரிசோதனையில் எனக்கு எதுவுமே காதில் விழவில்லை. மனசெல்லாம் அவளிடத்தில் இருந்தது. திரும்பும்போது அம்பத்தூரில் இறங்கி, விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். சுவரோரம் பாயில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மூன்று நாளாக எழுந்திருக்க முடியவில்லை, வேலைக்கும் போகவில்லை என்றாள்.

"நீ இன்னாக்கா பண்ணுவ. நாந்தான் வாயக் கட்டாம வுட்டேன்."

அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. "தெரிஞ்சுதான் கொடுத்தேன்" என்றேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். தலையைத் திருப்பினால் சுற்றும் என்பதால் விழியை மட்டும் நகர்த்தினாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, "நீ போக்கா" என்றாள்.

அதன் பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு வேறு கிழமையில் போகத் தொடங்கினாள். அந்தத் தலைசுற்றல் அவளுக்கு அத்தோடு நின்றது என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னார். நிம்மதியாக இருந்தது. பொறாமை மட்டும் போகவில்லை.

எனக்கு இன்னும் மூன்று வருஷம் சுற்றியது. சமையலறையில் விழுந்து கை ஒடிந்த பிறகு டாக்டரம்மா ஆபரேஷன் சொன்னார். அந்தக் காது இனி எதற்கும் உதவாது, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டால் சுற்றல் நிற்கும், மிச்சமிருக்கிற கேட்கும் திறனும் போகும். கையெழுத்துப் போட்டேன். ஆறு வாரம் சுவரைப் பிடித்து நடந்து, கோணாமல் நடக்கப் பழகினேன். அதோடு சுற்றல் நின்றது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அம்பத்தூர் பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். தயங்கி, என் வலது பக்கமாக வந்து நின்றாள்.

"தலசுத்து நின்னுச்சாக்கா?"

நின்றுவிட்டது என்றேன். தலையசைத்தாள். அந்தப் பாட்டிலைப் பற்றி இருவரும் பேசவில்லை. அப்போது கூட்டத்தில் யாரோ ஒரு பெண் கூப்பிடும் குரல் கேட்டது. நான் முன்னும் பின்னும் தேடினேன். ஒற்றைக் காதுக்குச் சத்தம் வரும் திசை தெரியாது. அவள் சட்டென்று இடது பக்கம் திரும்பி, படிக்கட்டில் நின்ற தோழிக்குக் கையை அசைத்தாள்.

என் வயிறு பழையபடி எரிந்தது.