வருகிறவர்களுக்காகச் சேர்த்த தண்ணீர்

கை கழுவத் தெரியாதவர்கள் என்று எங்களுக்குப் பெயர். ஆஸ்பத்திரித் தாதிகளுக்குச் சோம்பல், அக்கறை இல்லை, சொல்லிச் சொல்லிக் களைத்துப் போய்விட்டோம் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். அதையும் குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு பேசுகிறார்கள். கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். வாருங்கள் ஐயா, எங்களோடு ஒரு கோடை முழுக்க நின்று வேலை செய்து பாருங்கள். பிறகு கதைப்போம்.

நான் கரம்பொன்னில் பிறந்தவள். படகேறிப் போகவேண்டிய ஒரு தீவில் எனக்கு வேலை தந்தார்கள். எந்தத் தீவு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். சின்ன ஆஸ்பத்திரி. ஒரு டொக்டர், தாதிகள் நாங்கள் சிலர், எங்களுக்கு மேலே ஒரு சிஸ்டர். ஆஸ்பத்திரிக் கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் அத்தனையும் உவர். அதில் சவுக்காரம் நுரைக்காது. வெள்ளையாகத் திரைந்து கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீர் தீவின் மற்ற மூலையிலிருந்து பவுசர் லொறியில் வரும். வந்தால் கூரைக்கு மேலே உள்ள தாங்கி நிரம்பும், வார்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் விழும். கோடையில் பவுசர் எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது.

அந்த வருடம் தெற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று தொடங்கிய நேரம், கிருமித்தொற்றுத் தடுப்பைப் பார்வையிட யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குழு புதன்கிழமை வருகிறது என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை தாங்கி நிரம்பியிருந்தது. சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டார்.

"புதன்கிழமை வரைக்கும் ஒருத்தரும் பைப்பைத் திறக்கக்கூடாது. தாங்கியை நான் பூட்டப்போறன்."

"அப்ப நாங்கள் கை கழுவுறது எதில, சிஸ்டர்?" என்றேன்.

"கிணத்துத் தண்ணி இருக்குத்தானே. வாளியில அள்ளி வையுங்கோ."

"அதில கழுவினால் கை சுத்தமாகுமோ? நீங்கள் ஒருக்காக் கழுவிப் பாருங்கோவன்."

"உமக்கு எப்பவும் ஒரு கதை. அவையள் வந்து பைப்பைத் திறக்கேக்குள்ள தண்ணி வராட்டி ஆற்ற தலை உருளும்? உம்மட தலையோ, என்ர தலையோ?"

அவர் கெட்ட மனிசி இல்லை. முந்தின முறை குழு வந்தபோது குழாயில் காற்றுத்தான் வந்தது. அதற்கு எல்லோருக்கும் முன்னால் அவரை நிற்கவைத்து ஏசினார்கள். பவுசர் அனுப்பாதவர்களை ஒருவரும் ஏசவில்லை. அந்தப் பயத்தில் அவர் தாங்கியின் வால்வைத் திருகி மூடி, பூட்டுப் போட்டுத் திறப்பைத் தன்னோடு வைத்துக்கொண்டார். கைக்குத் தேய்க்கிற மருந்துப் போத்தல்களையும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார், குழு வரும்போது அவை நிறைந்து இருக்கவேண்டுமாம். கை கழுவுவதைப் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக நாங்கள் கை கழுவுவதை நிறுத்தினோம். இந்த விசர்த்தனத்தை வேறெங்கே போய்ச் சொல்ல?

ஆண்கள் வார்டில் கடைசிக் கட்டிலில் மாடு வளர்க்கிற ஒருவர் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். பனங்கருக்கு மட்டை காலில் கிழித்து, சின்னக் காயமாகத்தான் வந்தார். ஆனால் சீனி வருத்தம் இருந்தபடியால் டொக்டர் மறித்து வைத்திருந்தார். காலையில் நான் மருந்து கட்டும்போதெல்லாம் அவருக்கு ஒரே கேள்விதான்.

"மிஸி, நாளைக்கு வீட்டை போகலாமோ? மாடுகளுக்குத் தண்ணி இறைக்க ஆளில்லை. மனிசிக்கு நாரி நோ, குனிஞ்சு நிமிர ஏலாது."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. கால் காயம் ஆறட்டும்."

அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் முதுகில் பெரிய சீழ்க்கட்டு உடைந்த கிழவர் ஒருவர். அவருக்குக் கட்டிவிட்டு இவருக்கு, இவருக்குக் கட்டிவிட்டு இன்னொருவருக்கு. கையுறைப் பெட்டியில் அடி தெரிந்ததால், இருந்ததைப் பிள்ளைப்பேற்று அறைக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். நடுவில் எங்களுக்கு ஒரே வாளி உவர்த்தண்ணீர். காலையில் தெளிவாக இருக்கும், பத்து மணிக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கும். ஊற்றிவிட்டு அள்ளி வருவதென்றால் கிணறு பின்பக்கத்தில், வார்டில் நான் ஒருத்தி. அள்ளிக்கொண்டுதான் வந்தேன். அள்ளி வந்ததும் உவர்தானே!

செவ்வாய் இரவு காற்று ஏறியது. புதன்கிழமை படகு ஓடவில்லை, குழு வரவில்லை. வெள்ளிக்கிழமை வருவார்கள் என்றார்கள். அன்றைக்கும் கடல் விடவில்லை. இனித் திங்கள் என்றார்கள்.

"சிஸ்டர், திறப்பைத் தாங்கோ. ஒரு வாளிக்கு மட்டும்" என்று நான் கேட்டேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

"இவ்வளவு நாளும் பொறுத்தம். இனி ரெண்டு நாள்தானே" என்றார்.

சனிக்கிழமை மாடு வளர்க்கிறவருடைய கால் சிவந்து வீங்கியது. ஞாயிறு காய்ச்சல். டொக்டர் மருந்தைக் கூட்டினார், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்றார். கடலைப் பார்த்தோம். அந்தக் கடலில் யார் படகு எடுப்பார்கள்? அவருடைய மனைவி நாரியைப் பிடித்தபடி வந்து, கட்டில் அருகே கதிரை போட்டு இருந்து, இரவு முழுவதும் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காற்றுத் தணிந்தது. முதல் படகிலேயே குழு வந்து இறங்கியது. சிஸ்டர் விடியவே வால்வைத் திறந்துவிட்டிருந்தார். அலுமாரி திறந்து போத்தல்கள் வெளியே வந்தன, புதுத் துவாய் தொங்கியது. குழுவின் பெரிய டொக்டர் குழாயைத் திறந்தார். அம்மாடி, என்ன விழுகை! கண்ணாடி போலத் தண்ணீர். அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

"தண்ணி வருது, சவுக்காரம் இருக்கு, துவாய் இருக்கு. பிறகேன் நீங்கள் கை கழுவுறேல்லை? மனநிலை மாற வேணும். எல்லாம் மனநிலைதான்."

நான் ஓரடி முன்னுக்கு வந்தேன். சிஸ்டர் என் காலை மிதித்தார். மிதித்தால் மிதிக்கட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"டொக்டர், இந்தத் தண்ணி உங்களுக்கெண்டு ஒரு கிழமையாப் பூட்டி வைச்சிருந்தது."

அவர் சந்தோஷமாகச் சிரித்தார். "ஏன் கரைச்சல்? நாங்கள் குடிக்கப் போத்தல் தண்ணி கொண்டு வந்தனாங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் அவரோடு வந்த ஒரு தாதி மூக்கைச் சுளித்தபடி கடைசிக் கட்டிலுக்குப் போய்க் கட்டை அவிழ்த்தாள். பெருவிரல் கறுத்திருந்தது. பாதம் கறுக்கத் தொடங்கியிருந்தது. சிரிப்பு நின்றது.

குழு திரும்பிய படகிலேயே அவரையும் ஏற்றினோம். கூடப் போனது நான். படகில் வைத்துப் பெரிய டொக்டர் என்னிடம் கேட்டார், "ஏன் இவ்வளவு நாளும் அனுப்பேல்லை?"

"படகு ஓடேல்லை, டொக்டர். நீங்களும் அதாலதானே வரேல்லை?"

குழு பார்வையிட்ட முடிவு பின்னால் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் கை கழுவும் வசதி திருப்தியாம். ஊழியர்களின் பழக்கம்தான் சரியில்லையாம். அதைச் சிஸ்டர் வாசித்துக் காட்டியபோது கையில் இருந்த தட்டத்தைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறிந்திருக்க வேண்டும்.

மாடு வளர்க்கிறவர் திரும்பி வந்தபோது இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. மாடுகளை விற்றுவிட்டார்களாம். வெட்டின இடத்துக்கு மருந்து கட்ட எங்களிடம்தான் வரவேண்டும், தீவில் வேறு யார் இருக்கிறார்கள்? முதல் நாள் மனைவியும் வந்தார். ஒரு கையால் நாரியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையில் ஒரு பிளாஸ்ரிக் கான் தண்ணீரைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தார். மருந்து கட்டும் மேசைக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"மிஸி, இது நாங்கள் வீட்டில குடிக்கிற தண்ணி. இதில கையைக் கழுவிப்போட்டு அவரைத் தொடுங்கோ."

"வெளித்தண்ணி வார்டுக்குள்ள..." என்று தொடங்கிய சிஸ்டர் பாதியில் நிறுத்திவிட்டு யன்னல் பக்கம் திரும்பினார்.

நான் இரண்டு கையையும் நீட்டினேன். மனைவி கானைச் சரித்தார். சவுக்காரம் நுரைத்தது.

"இன்னும் வடிவாத் தேய்ச்சுக் கழுவுங்கோ, மிஸி" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. கைகளையே பார்த்துக்கொண்டு ஊற்றினார்.